நான்கு சக்கரம் இருந்தால் போதுமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் டில்லித் தமிழர் வீடுகளில் இரண்டு பேச்சுகள் தவறாமல் அடிபடும். பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்குமா என்பது ஒன்று. குழந்தைகளுக்குப் பனி காட்ட மணாலிக்குப் போவதா, குல்மார்க்குக்குப் போவதா என்பது மற்றொன்று. முதல் விஷயத்தை ஓய்வு பெற்ற ரயில்வேக்காரனான என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. "என் கையில் ஒன்றுமில்லை ஸார்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இரண்டாவது விஷயத்தை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

நம் சங்கத்தின் குடும்பச் சுற்றுலா இந்த முறை குடியரசு தின விடுமுறையை ஒட்டி மணாலிக்கு என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. அதில் "பனிச்சரிவில் ஏ.டி.வி. சவாரி, கட்டணத்தில் அடக்கம், சிறுவர்களும் செல்லலாம்" என்று ஒரு வரி கண்டிருக்கிறது. அந்த ஒரு வரியைச் செயற்குழு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கட்டுரை. சுற்றுலாவும் வேண்டும், பனியும் வேண்டும். பெரியவர்கள் ஆசைப்பட்டால் அந்த வண்டியையும் ஓட்டட்டும். ஆனால் அது எப்படிப்பட்ட வண்டி, குளிரில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துகொண்டு ஏற வேண்டும். சிறு பிள்ளைகளை அதில் ஏற்றவே கூடாது. இதுதான் என் கட்சி.

குளிர்காலத்துக்கென்றே பிறந்த வண்டி

ஏ.டி.வி. என்பது எல்லா நிலத்திலும் ஓடும் வண்டி என்ற பொருளில் வைத்த ஆங்கிலப் பெயரின் சுருக்கம். மோட்டார் சைக்கிள் போலக் காலை இருபுறமும் போட்டு உட்கார வேண்டும். கைப்பிடி உண்டு, ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. கொழுத்த டயர்கள் நான்கு. இதன் பிறப்பே குளிர்காலத்தோடு சம்பந்தப்பட்டது. 1967இல் அமெரிக்காவிலிருந்த ஹோண்டா நிறுவனத்தார், குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடுகிறது, அப்போது விற்க ஏதாவது செய்து கொடுங்கள் என்று ஜப்பானில் இருந்த தங்கள் பொறியாளர்களைக் கேட்டார்கள். அதன் பலனாக 1970இல் மூன்று சக்கர வண்டி ஒன்று சந்தைக்கு வந்தது. பனியிலும் மணலிலும் சேற்றிலும் புதையாமல் ஓடியதால் அமோகமாக விற்றது. 1980களின் தொடக்கத்தில் சுசூகி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது.

விற்பனையோடு விபத்தும் பெருகியது. மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையை 1988இல் அமெரிக்கக் கம்பெனிகள் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி நிறுத்தின. 2008இல் வந்த சட்டம் புதிய மூன்று சக்கர வண்டிகளை அடியோடு தடுத்தது. "அதுதான் மூன்று சக்கரம் போய் நான்கு சக்கரம் வந்துவிட்டதே, இனி என்ன பயம்?" என்று நினைக்கத் தோன்றும். அங்கே இன்றும் இந்த வகை வண்டிகளால் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானவர்கள் உயிரிழக்கிறார்கள். பெரியவர்களுக்கான வண்டியில் "16 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டக்கூடாது" என்ற எச்சரிக்கையை ஒட்டித்தான் விற்க வேண்டும். ஒருவருக்கான வண்டியில் "இன்னொருவரை ஏற்றாதீர்" என்ற எச்சரிக்கையும் இருக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், 16 வயதுக்கு உட்பட்டவர்கள் இதை ஓட்டவும் வேண்டாம், இதில் ஏறவும் வேண்டாம் என்று சொல்கிறது.

நம் மலைகளில் வாடகைக்கு விடப்படும் வண்டிகளிலும் பல சமயம் அந்த எச்சரிக்கை வில்லை ஒட்டியே இருக்கிறது. அதன்மேல் சேறு படிந்திருக்கும்; அல்லது நம் பையனின் கால் அதை மறைத்திருக்கும்.

ரயில் சக்கரமும் இந்தச் சக்கரமும்

நான்கு சக்கரம் இருப்பதால் இது கவிழாது என்பதுதான் நம்மவர்களின் முதல் நம்பிக்கை. கார் கவிழ்வது அபூர்வம், ஸ்கூட்டர் சாய்வது சகஜம், ஆகவே நான்கு சக்கரம் பத்திரம் என்ற கணக்கு. இந்தக் கணக்கு இங்கே செல்லாது.

ரயில் பெட்டியின் இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கிப் பொருத்தப்பட்டவை. ஒன்று எத்தனை சுற்று சுற்றுகிறதோ, மற்றதும் அத்தனை சுற்றுத்தான் சுற்றும். வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளம் நீளம் அதிகம், உட்பக்கம் குறைவு. அப்படியிருக்க ரயில் எப்படித் திரும்புகிறது? சக்கரத்தின் விளிம்பை நேர் உருளையாகக் கடையாமல், 20க்கு 1 என்ற சாய்வில் கூம்பு போலக் கடைந்திருப்பார்கள். வளைவில் அச்சு சற்று வெளிப்பக்கம் நகரும், வெளிச் சக்கரம் பெரிய விட்டத்திலும் உள் சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும், கணக்கு நேராகிவிடும். காரில் இதே வேலையை டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரக் கூட்டம் செய்கிறது.

பெரும்பாலான ஏ.டி.வி.க்களின் பின் அச்சில் கூம்பும் கிடையாது, டிஃபரன்ஷியலும் கிடையாது. இரண்டு பின் சக்கரங்களும் ஒரே அச்சில் பூட்டியவை. கைப்பிடியைத் திருப்பினாலும் பின் சக்கரங்கள் வண்டியை நேராகத் தள்ளப் பார்க்கும். ஓட்டுபவர் இருக்கையில் நகர்ந்து, உடம்பை வளைவின் உட்பக்கம் சாய்த்து, எடையை மாற்றினால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். அதாவது, இந்த வண்டியில் ஓட்டுபவரின் உடம்பும் இயந்திரத்தின் ஒரு பாகம். உடம்பு அசைய இடமில்லை என்றால் அந்தப் பாகம் கழன்றுவிட்டது என்று அர்த்தம்.

இப்போது நம் குடும்பங்கள் இதில் ஏறும் காட்சியைப் பாருங்கள். நடுவில் அப்பா, முன்னால் குழந்தை, பின்னால் அம்மா, அம்மாவின் தோளில் பறக்கும் சால்வை. கரோல்பாக்கில் ஸ்கூட்டரில் போன பழக்கம் மலையேறி வந்திருக்கிறது. அப்பாவால் அங்குலம் நகர முடியாது. வண்டி சாய்ந்தால் 250, 300 கிலோ இரும்பு மூவர் மேலும் விழும். முன்னால் உட்கார்ந்த குழந்தையின் மார்பு நேராகக் கைப்பிடியில் மோதும். சால்வையும் துப்பட்டாவும் முந்தானையும் சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கினால் என்ன ஆகும் என்பதை டில்லியில் இருக்கும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்று. ஸ்கூட்டரில் வேகம் கூட்டக் கைப்பிடியை முறுக்குகிறோம். இதில் வலது கட்டைவிரலால் ஒரு சிறு நெம்புகோலை அழுத்த வேண்டும். பயந்துபோன மனிதன் கையை இறுக்கித்தான் பிடிப்பான். இறுக்கினால் கட்டைவிரலும் அழுந்தும். வண்டி நிற்பதற்குப் பதில் பாயும். முன்னால் இருக்கும் குழந்தையின் கை அந்த நெம்புகோலில் பட்டாலும் இதே கதைதான். ஸ்கூட்டர் வழுக்கினால் காலை ஊன்றுகிற பழக்கமும் இங்கே ஆபத்து. தரையில் ஊன்றிய காலின் மேல் பின் சக்கரமே ஏறிவிடும்.

பனியில் நிற்க எத்தனை தூரம்?

பிரேக் பிடித்தால் வண்டி நிற்பது பிரேக்கினால் மட்டும் அல்ல. டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வினால். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு சுமார் 0.7. அமுங்கிய பனியில் 0.2 அளவுக்கு இறங்கும். கெட்டிப்பட்ட பனிக்கட்டியில் 0.1 இருந்தாலே அதிகம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி தார்ச்சாலையில் 5 மீட்டரில் நிற்கும் என்றால், அமுங்கிய பனியில் சுமார் 18 மீட்டர், பனிக்கட்டியில் 35 மீட்டர் ஓடித்தான் நிற்கும். நாம் ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கை வைக்கும் ஒரு விநாடியில் ஓடும் 8 மீட்டரை இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். இது சமதளத்துக் கணக்கு. சரிவில் இறங்கும்போது இன்னும் மோசம்.

ரயில் எஞ்சினில் மணல் பெட்டி வைத்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். தண்டவாளம் ஈரமாகிச் சக்கரம் வழுக்கும்போது மணலைத் தூவிப் பிடிமானம் உண்டாக்கத்தான் அது. நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள எஞ்சினுக்கே பிடிமானத்துக்கு மணல் வேண்டியிருக்கிறது. பனிச்சரிவில் நமக்கு மணல் தூவ யாரும் இல்லை. வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

நேரமும் முக்கியம். ஜனவரியில் சோலாங் பள்ளத்தாக்கில் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். முந்தின நாள் உருகிய பனி இரவில் கண்ணாடி போல உறைந்திருக்கும். காலையில் முதல் ஆளாகப் போய் நின்றால் கூட்டம் இருக்காது என்று கிளம்புகிறோம். தரை மிகவும் வழுக்குவதும், வண்டி மிகவும் விறைத்துப் போயிருப்பதும் அந்த வேளையில்தான். வெயில் நன்றாக ஏறிய பிறகு போவதே நல்லது.

குளிர் இயந்திரத்தை என்ன செய்யும்?

டீசல் ஷெட்டில் வேலை பார்த்த காலத்தில் குளிர்காலத்துக்கென்று எங்களுக்குத் தனி நடைமுறைகள் உண்டு. பாட்டரிகளைச் சோதிப்பது, காற்றுத் தொட்டிகளில் தேங்கும் தண்ணீரை வடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒழுங்கு இருந்தது. தண்டவாளப் பிரிவில் இருந்தவர்களுக்கோ இன்னும் கடுமையான வேலை. குளிரில் இரும்பு சுருங்கித் தண்டவாளம் விரிசல் விடலாம் என்பதால் கீமேன்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரவெல்லாம் ரோந்து போவார்கள். குளிர்காலம் வந்தால் இயந்திரத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது ரயில்வேயில் எழுதி வைத்த விதி. மலையில் வாடகைக்கு விடும் வண்டிக்கு அந்த விதியை யார் எழுதி வைத்தார்கள்?

குளிர் இந்த வண்டியை எங்கெல்லாம் தாக்கும் என்று பார்ப்போம்.

முதலில் எஞ்சின் எண்ணெய். குளிரில் தேன் கெட்டிப்படுவதுபோல எண்ணெயும் கெட்டிப்படும். டப்பாவில் 20டபிள்யூ-40, 10டபிள்யூ-30 என்று போட்டிருப்பதில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரில் எண்ணெய் எளிதாக ஓடும் என்று பொருள். சமவெளியில் போடும் 20டபிள்யூ எண்ணெயை மலைக்குளிரில் போட்டால், கிளப்பிய முதல் சில நிமிடங்களில் மேல் பாகங்களுக்கு எண்ணெய் சரியாகப் போய்ச் சேராது. கிளப்பியவுடன் உறும விடாமல் சில நிமிடம் நிதானமாக ஓட விடச் சொல்வது இதனால்தான். மூடிய கொட்டகைக்குள் அப்படி ஓட விடக்கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு ஆளைக் கொல்லும்.

அடுத்தது பாட்டரி. 25 டிகிரியில் முழுப் பலம் தரும் ஈய-அமிலப் பாட்டரி, பூஜ்யத்தில் சுமார் 80 சதவீதமும், மைனஸ் 18 டிகிரியில் ஏறக்குறையப் பாதியும்தான் தரும். அதே நேரம் கெட்டியான எண்ணெயால் எஞ்சினைச் சுழற்ற அதிக பலம் வேண்டியிருக்கும். வரவு குறைந்து செலவு கூடுகிற குடும்பத்தின் நிலைமை. சார்ஜ் இறங்கிய பாட்டரி பூஜ்யத்துக்குக் கீழே ஏழெட்டு டிகிரியிலேயே உறைந்து வெடிப்பு விடலாம். முழு சார்ஜில் இருப்பதற்கு அந்தக் கவலை கிடையாது.

மூன்றாவது டயர். காருக்கு 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். இந்தக் கொழுத்த டயருக்கு 5 பவுண்டு அளவுதான். பகல் வெயிலில் 15 டிகிரியில் 5 பவுண்டு அடித்து வைத்தால், விடிகாலை மைனஸ் 10 டிகிரியில் அது ஏறக்குறைய மூன்றரைப் பவுண்டாகக் குறைந்திருக்கும். காரில் ஒன்றரைப் பவுண்டு குறைந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. இங்கே அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் சரியாக இருந்தால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும்.

நான்காவதுதான் மிகவும் அபாயமானது. வேகம் கூட்டும் கம்பி ஒரு மெல்லிய உறைக்குள் ஓடுகிறது. பகலில் அந்த உறைக்குள் புகுந்த பனிநீர் இரவில் உறைந்தால், அழுத்திய நெம்புகோல் விட்டதும் திரும்பி வராது. வண்டி வேகம் பிடித்துக்கொண்டே போகும். பிரேக்கிலும் இதே விஷயம்தான். நிறுத்தும் பிரேக்கைப் போட்டுவிட்டு இரவெல்லாம் விட்டால் கட்டை சக்கரத்தோடு ஒட்டி உறைந்துபோகும். அதைக் கவனியாமல் கிளப்பினால் ஒரு சக்கரம் மட்டும் சுற்ற மறுக்கும்.

தண்ணீரால் குளிர்விக்கும் எஞ்சினாக இருந்தால் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருக்கக்கூடாது. எத்திலீன் கிளைகால் என்ற திரவமும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. "தண்ணீரே வேண்டாம், முழுக்கக் கிளைகாலே ஊற்று" என்று சிலர் நினைப்பார்கள். தனியாக ஊற்றினால் அது மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும். பாதிக்குப் பாதிதான் சரி.

உயரத்தையும் மறக்கக்கூடாது. 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை திறந்ததிலிருந்து லாஹௌல் பக்கத்துச் சிஸ்ஸு வரை குளிர்காலத்திலும் சுற்றுலாக்காரர்கள் போகிறார்கள். அங்கே உயரம் 3,000 மீட்டருக்கு மேல். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் பலமும் ஏறக்குறைய அதே அளவு குறையும். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை கக்கும். சமவெளியிலிருந்து நேராகப் போய் இறங்கிய நமக்கும் மூச்சு வாங்கும், தலை கனக்கும். அந்த நிலையில் புது வண்டி பழகுவது உசிதமல்ல.

குரங்குக் குல்லாய் ஹெல்மெட் ஆகாது

குளிர் என்றால் நம்மவர்களுக்கு முதலில் நினைவு வருவது குரங்குக் குல்லாய். வட இந்தியர்கள் நம்மைக் கண்டுபிடிப்பதே அதை வைத்துத்தான். காதுக்கு இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மண்டையைக் காப்பாற்றாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் சாலையில் இருசக்கர வண்டியில் ஹெல்மெட்டோடுதான் போக வேண்டும். டில்லியில் போலீஸ்காரருக்குப் பயந்தாவது போட்டுக்கொள்கிறோம். மலைச்சரிவில் போலீஸ்காரர் இல்லை என்பதால் பாறை மெத்தையாகிவிடுமா?

காற்றின் கணக்கும் உண்டு. மைனஸ் 5 டிகிரிக் குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முகத்தின் தோல் மைனஸ் 13 டிகிரியில் நிற்பதுபோல உணரும். கையுறை இல்லாத விரல்கள் சில நிமிடங்களில் மரத்துவிடும். மரத்த விரலால் பிரேக்கை அளவாகப் பிடிக்க முடியாது. கட்டைவிரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதும் தெரியாது. சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் கம்பளிக் கையுறை வாங்கி வருவார்கள். அது நனைந்தால் குளிரை இன்னும் கூட்டும். காற்றும் நீரும் புகாத கையுறையே வேண்டும். கால்களுக்குக் கணுக்காலை மூடும் பூட்ஸ். செருப்பும் சாக்ஸும் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம்

ரயில் புறப்படும் முன் வண்டியைச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டிரைவர் கிளப்புவார். அதே ஐந்து நிமிடத்தை நாமும் செலவழிக்கலாம்.

1. எஞ்சினை அணைத்துவிட்டுக் கட்டைவிரல் நெம்புகோலை அழுத்தி விடுங்கள். "டக்"கென்று தானாகத் திரும்ப வேண்டும். கைப்பிடியை இடமும் வலமும் முழுக்கத் திருப்பி வைத்தும் சோதியுங்கள். தயங்கித் திரும்பினால் அந்த வண்டி வேண்டாம்.

2. முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தனித்தனியே பிடித்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள். பிரேக்கை விட்டபின் நான்கு சக்கரமும் தாராளமாக உருள வேண்டும்.

3. டயர்களை ஒரு பக்கத்தோடு மறுபக்கம் ஒப்பிட்டுப் பாருங்கள். இடது வலது ஒரே உயரமாக நிற்க வேண்டும்.

4. எஞ்சினை அணைக்கும் சிவப்பு விசை எங்கே என்று கேட்டு, ஒரு முறை கிளப்பி அதனால் அணைத்துப் பாருங்கள். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் கயிறு இருந்தால் அவசியம் மாட்டிக்கொள்ளுங்கள். விழுந்தால் எஞ்சின் தானாக நிற்கும்.

5. கால் வைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் பனிக்கட்டியைத் தட்டிவிடுங்கள்.

6. பல வண்டிகளில் வேகத்தை மட்டுப்படுத்தும் திருகு ஒன்று நெம்புகோல் பெட்டியிலேயே இருக்கும். புதிதாக ஓட்டுபவருக்கு அதை உள்ளே திருகித் தரச் சொல்லுங்கள். கேட்டால் செய்து தருவார்கள். நாம் கேட்பதில்லை.

பேரம் பேசும் வீரம்

வண்டிக்காரப் பையன்களைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. மலைக்கிராமத்துப் பிள்ளைகள் அவர்கள். பனி இருக்கும் சில வாரச் சம்பாத்தியத்தில் ஆண்டின் பெரும்பகுதியை ஓட்ட வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? அவர்கள் சொன்ன தொகையைப் பாதியாக்கும் வரை விடுவதில்லை. பாதியாக்கிய பிறகு "மூன்று பேரும் ஒரே வண்டியில் போகிறோம், சின்னக் குழந்தைதானே" என்று இன்னொரு சலுகை. நாம் குறைத்த பணம் எங்கிருந்து போகிறது? புது பிரேக் கட்டையிலிருந்தும் நல்ல எண்ணெயிலிருந்தும் ஒரு ஹெல்மெட்டிலிருந்தும்தான் போகிறது. சட்டையில் பேரம் பேசுங்கள், சால்வையில் பேசுங்கள். குழந்தையை ஏற்றும் வண்டியில் பேச வேண்டாம். "உன் தொகையைத் தருகிறேன், ஹெல்மெட்டும் நல்ல வண்டியும் கொடு" என்று கேட்கிற வாடிக்கையாளர் பத்துப் பேர் வந்தால் அந்த இடத்தின் வழக்கமே மாறும்.

சிலர் கேட்கலாம்: "வண்டிக்காரர்தான் குழந்தைக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறாரே, அப்புறம் என்ன?" ஒருவருக்கான வண்டியில் இருவர் என்றால் பின்னால் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரால் உடம்பை நகர்த்த முடியாது. இருவர் செல்வதற்கென்றே தயாரான நீளமான வண்டிகள் உண்டு. பின்னால் சாய்மானமும் கைப்பிடியும் இருக்கும். பெரியவர்கள் இருவர் போவதானால் அதில் போகலாம்.

"வருஷத்தில் ஒரு நாள் சந்தோஷம், அதற்கு இத்தனை கணக்கா?" என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்விதான். நாம் இந்த ஊருக்கு வந்து முப்பது, நாற்பது வருஷம் ஆனாலும், பனி நமக்கு விருந்தாளிதான்; கூடப் பிறந்ததல்ல. மலையில் பிறந்தவனுக்கு எந்தப் பனி வழுக்கும், எது தாங்கும் என்று காலே சொல்லும். நமக்கு அந்தப் படிப்பு இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பாட்டி சொன்னது ஆற்றுக்கு மட்டுமல்ல. பனியில் உருண்டு விளையாடுவதிலும், சறுக்குப் பலகையில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போவதிலும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இல்லாத சந்தோஷம் அந்த இரும்பு வண்டியில் என்ன இருக்கிறது? பார்க்கப் போனால், வண்டி ஆசை பிள்ளைகளைவிட அப்பாக்களுக்குத்தான் அதிகம்!

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்கச் சுற்றுலாவுக்குக் கீழ்க்கண்ட ஒழுங்கை வைத்துக்கொள்ளலாம் என்பது என் தாழ்மையான யோசனை. ஏ.டி.வி. சவாரியைப் பொதுக் கட்டணத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். கட்டிய பணம் வீணாகிறதே என்பதற்காக யாரும் ஏறக்கூடாது. 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி வேண்டாம். ஒருவருக்கான வண்டியில் ஒருவரே. ஹெல்மெட்டை இங்கிருந்தே எடுத்துச் செல்லலாம். நம் வீடுகளில் ஆளுக்கு ஒன்று சும்மாதான் தொங்குகிறது. வெயில் ஏறிய பிறகே சவாரி. மிச்சமாகும் பணத்தில் பிள்ளைகளுக்குச் சறுக்குப் பலகை ஏற்பாடு செய்யலாம்.

மலைக்கே போகாதவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. டில்லியில் விடிகாலை 5 டிகிரியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்கூட்டரில் போகிறவரின் முகத்துக்கு அது பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேதான். பாட்டரி, டயர் காற்று, கிளப்பியவுடன் உறும விடாமை, நல்ல கையுறை ஆகிய நான்கும் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கும் பொருந்தும். ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர் எடுக்கிற நாம், தீபாவளி கழிந்ததும் வண்டிக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம்.

என் கருத்தோடு மாறுபடுபவர்கள் இருக்கலாம், அவர்களும் எழுதட்டும். சுற்றுலா நாளன்று மணாலியில் வண்டிகளைச் சோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமானால் நான் வரத் தயார். என் டிக்கெட்டுக்கு நானே பணம் கட்டிக்கொள்கிறேன். சுற்றறிக்கையின் அந்த ஒரு வரியை மட்டும் பெயர்ப் பதிவு முடிவதற்குள் மாற்றிவிடுங்கள்.